சென்னை போகும் வழியில் மன்னார்

கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் மன்னார் உறவுகளுக்கு:

இது காசு கேட்டு எழுதும் மடல் அன்று. ஊரிலிருந்து கடிதம் வந்தால் கோயில் கோபுரத்துக்கோ பள்ளிக்கூடத்துச் சுற்றுமதிலுக்கோ என்று நீங்கள் நினைத்தால் அதில் பிழையில்லை. அப்படித்தான் உங்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். இந்த மடல் உங்கள் விமானப் புள்ளிகளைப் பற்றியது. கடன் அட்டையில் செலவழித்தும், பலசரக்குக் கடையில் அட்டையைக் காட்டியும், வேலை நிமித்தம் பறந்தும் நீங்கள் சேர்க்கிற பொயின்ற்ஸ் சில ஆண்டுகளில் ஒரு நீண்ட பயணத்துக்குக் காணும். அந்தப் பயணம் பெரும்பாலும் சென்னைக்கே பதிவாகிறது: கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க, வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் தீர்க்க, வயதான ஒருவருக்கு வைத்தியம் பார்க்க, பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு உடுப்பும் நகையும் வாங்க. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ஸ்ரீலங்கன் விமானத்தில் போகிறவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, ட்ரான்சிட் மண்டபத்தில் ஒரு தேநீர் குடித்து, அடுத்த விமானத்தில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுகிறார். அந்த ட்ரான்சிட்டை ஐந்தாறு நாளுக்கு நீட்டி, அந்த நாட்களை மன்னாருக்குத் தாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். ஊருக்குப் போவதை ஒரு பெரிய பயணமாகவே நினைத்து, அது வாய்க்கும்வரை பத்து ஆண்டு போகாமல் இருப்பதைவிட, வேறெங்கோ போகும் பயணத்தில் ஊரை ஒரு தரிப்பாகச் சேர்த்துக்கொண்டு அடிக்கடி வருவது உங்களுக்கும் நல்லது, இந்தக் கரைக்கும் நல்லது. அதற்கு விதி இடம் தருகிறது. செலவும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

முதலில் விதியைப் பார்ப்போம். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரம் ஓர் எல்லைக்கோடு. வழியில் உள்ள நகரத்தில் அதற்குள் விமானம் மாறினால் ட்ரான்சிட். அதைத் தாண்டி நின்றால் ஸ்டொப்ஓவர், அதாவது இடைத்தரிப்பு. காசு கொடுத்து வாங்கும் மலிவு ரிக்கெற்றில் பெரும்பாலும் இதற்கு இடமிராது, அல்லது கட்டணம் ஏறும். புள்ளிகளால் எடுக்கும் ரிக்கெற்றில் கதை வேறு. எயார் கனடாவின் ஏரோபிளான் திட்டத்தில் ஒருவழிப் பயணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைத்தரிப்பை 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்துச் சேர்க்கலாம். அங்கே 45 நாள் வரை நிற்கலாம். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ளே மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ரொறன்ரோவிலிருந்து சென்னைக்கு ஒருவழிக்கே பல பத்தாயிரம் புள்ளி போகிற கணக்கில் 5,000 என்பது சில்லறைதான். தூரமும் தடையாகாது. ரொறன்ரோவிலிருந்து இஸ்தான்புல் வழியாகக் கொழும்பு ஏறக்குறைய 9,000 மைல். தூரத்தை வைத்து விலை போடும் அந்தத் திட்டத்தில் அது ஏற்கெனவே உச்ச அடுக்கில் நிற்கிறது. அதற்கு அப்பால் சென்னை வரையுள்ள 400 மைல் அடுக்கை மாற்றாது. துருக்கி விமானமும் எயார் இந்தியாவும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டில் இருப்பதால் இரண்டையும் ஒரே ரிக்கெற்றில் கோக்கவும் முடியும், இருக்கை கிடைத்தால்.

லண்டன்காரருக்கு இது இன்னும் இலகு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதம் வன்வேர்ல்ட் கூட்டில் சேர்ந்தது. அன்று முதல் பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் எவியோஸ் புள்ளிகள் அதில் செல்லுபடியாகின்றன. எவியோஸ் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியே தூரத்தைப் பார்த்து விலை போடுகிறது. லண்டன்–கொழும்புக்கு ஒரு விலை, கொழும்பு–சென்னைக்கு இன்னொரு விலை. இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருந்தாலென்ன, மூன்று வாரம் இருந்தாலென்ன, புள்ளிகளின் கூட்டுத்தொகை அதேதான். 650 மைலுக்கு உட்பட்ட பறப்பு அதன் மிகக் குறைந்த அடுக்கு. சென்னை, திருச்சி, மதுரை மூன்றும் கொழும்பிலிருந்து அதற்குள் அடங்கும். சிங்கப்பூர் எயார்லைன்ஸில் புள்ளி சேர்க்கும் அவுஸ்திரேலிய உறவுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. அதில் எல்லாப் பாதையும் சிங்கப்பூருக்கே திரும்பும். அங்கிருந்து சென்னை போகிற வழியில் கொழும்பு வராது. அவர்கள் சென்னையில் இறங்கிக் கொழும்பிலிருந்து திரும்புவதுபோல் பதிவுசெய்து, நடுத்துண்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுக்கு இன்று நல்ல வழி ஒன்று உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கான விமானம் 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. பலாலியில் இறங்கினால் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, பூநகரி வழியாக ஏ-32 வீதியால் நேரே மன்னார். சிறிய விமானம், எடை குறைவாகத்தான் விடுவார்கள். சென்னையில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்குகளை அதில் ஏற்ற நினைக்காதீர்கள்.

ரிக்கெற்றை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களும் உங்களில் இருப்பீர்கள். அவர்களுக்கும் கதவு மூடவில்லை, ஆனால் இது வேறு வகை வேலை. விமான நிறுவனத்தின் கண்ணில் இடைத்தரிப்பு சேர்ப்பது என்பது இரண்டாவது பறப்பின் திகதியை மாற்றி ரிக்கெற்றை மறுபடி எழுதுவது. ஆகவே புதிய திகதியில் அந்தப் பறப்பில் புள்ளிக்கென ஒதுக்கிய இருக்கை இருந்தாக வேண்டும். காசுக்கு விற்க நூறு இருக்கை கிடந்தாலும் அது உதவாது. பல நேரம் இணையத்தில் இதைச் செய்ய முடியாது. தொலைபேசியில் அழைத்து, திகதியையும் விமான இலக்கத்தையும் நீங்களே தேடி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். மாற்றக் கட்டணம் இருக்கலாம். நீங்கள் பதிவுசெய்த பின் புள்ளி விலை ஏறியிருந்தால் புதிய விலைக்கே கணக்குப் பார்க்கவும் கூடும். வரியும் கொஞ்சம் கூடும்: ட்ரான்சிட்டில் கடந்து போகிறவரிடம் அறவிடாத விமான நிலைய வரி, தங்கிப் புறப்படுகிறவரிடம் அறவிடப்படும். பெட்டிகளைக் கட்டுநாயக்காவில் எடுத்து, ஐந்து நாள் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அப்போது எடை விதி மாறியிருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். "எப்படியும் கொழும்பில் இறங்குகிறோம், அடுத்த விமானத்தில் ஏறாமல் வெளியே போய்விடுவோம்" என்று நினைத்தால், ஏறாத அந்தத் துண்டோடு அதற்குப் பிந்திய எல்லாத் துண்டும் இரத்தாகும். திரும்பிப் போகும் விமானமும் சேர்ந்தே போகும். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகிறவை என்பதால் பதிவுசெய்யும் அன்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

விதி இடம் தருகிறது, புள்ளியும் கையில் இருக்கிறது. பிறகு ஏன் இவ்வளவு பேர் கட்டுநாயக்காவைத் தாண்டிப் போகிறார்கள்? எங்களுக்குத் தெரிந்தவரை காரணம் காசு அன்று. ஊருக்குப் போவதென்றால் குடும்பம் முழுதும் போக வேண்டும், ஆளுக்கு இரண்டு பெட்டி கட்ட வேண்டும், ஒருவருக்குச் சொக்கிலேற் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விடக் கூடாது, எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்க வேண்டும், ஒரு மாதமாவது நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் ஊர்ப் பயணம் ஒரு கலியாண வீட்டுச் செலவுக்கு வந்துவிடுகிறது. அதனால் தள்ளிப் போடப்படுகிறது. தள்ளிப் போடும்தோறும் எதிர்பார்ப்பு ஏறுகிறது, எதிர்பார்ப்பு ஏறும்தோறும் செலவு ஏறுகிறது. பத்து ஆண்டுக்குப் பின் ஒருமுறை வரும்போது பார்க்க வேண்டிய பாதிப் பேர் சேமக்காலையில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கோ அது ஒரு மாதத் தண்டனை. அடுத்த முறை வரமாட்டோம் என்று அவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள். இடைத்தரிப்பு இந்தச் சுழலை உடைக்கிறது. சென்னைக்குப் போகிற வழியில் ஐந்து நாள் வருகிறவரிடம் யாரும் இரண்டு பெட்டி எதிர்பார்க்க மாட்டார்கள். ஒருவர் தனியே வரலாம். அடுத்த முறை வேறொருவர் வரலாம். ஐந்து நாளில் பிள்ளைக்குச் சலிப்பு வருவதற்குள் புறப்படும் நாள் வந்துவிடும். அந்தப் பிள்ளை மறுபடி வரும்.

அடிக்கடி வருவதால் கண்ணுக்குத் தெரியும் பலன் ஒன்று காணி. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது: ஒருவரின் காணியை இன்னொருவர் பத்து ஆண்டு தடையின்றி, உரிமையாளரை ஏற்காமல் தன்னுடையதாகவே ஆண்டால், உரிமை கோர வழியுண்டு. போரால் காணியைவிட்டுப் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. அது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்து போனவர்களைக் கருதியது. அதற்குப் பிந்திய ஆண்டுகள் இப்போது ஒரு முழுப் பத்தையும் தாண்டிவிட்டன. கடல் கடந்து இருந்தவர் என்ற நியாயத்தை நீதிமன்றத்தில் வைக்க இடமிருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலை ஏன் வர வேண்டும்? ஐந்து நாளில் இரண்டு வேலைநாள் போதும்: காணிப் பதிவகத்தில் உறுதியின் பதிவைப் பார்க்கலாம், எல்லை வேலியை நடந்து பார்க்கலாம், பயிர் செய்கிறவரோடு எழுத்தில் ஒரு குத்தகை உடன்படிக்கை செய்யலாம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் வருகிறவரைவிட, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் வருகிறவரின் காணி பத்திரமாக இருக்கும்.

"ஊர் என்ன, வழியில் நிற்கிற தேத்தண்ணிக் கடையா? சென்னைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பது ஊருக்கு மரியாதையா?" என்று மூத்தவர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மன்னாரின் வரலாற்றை விரித்துப் பார்த்தால், இந்தக் கரை வாழ்ந்ததே வழியில் இருந்ததால்தான் என்பது தெரியும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் நிற்கும் மாந்தோட்டம், அதாவது மாந்தை, ஒரு காலத்தில் இந்துமாகடலின் பெரிய தரிப்புத் துறைமுகம். இராமர் அணைப் பகுதியின் ஆழமற்ற கடலைப் பெரிய கப்பல்கள் கடக்க முடியாது. மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் இங்கே இறங்கி, மாறி, காற்றுத் திரும்பும்வரை காத்திருந்து போயின. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில் சீன மட்பாண்டமும் மேற்காசிய மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. போர் முடிந்தபின் மறுபடி தோண்டியபோது ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கராம்பு கிடைத்தது. கராம்பு அன்று விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அது மாந்தையில் விழுந்து கிடந்தது யாரோ ஒருவர் வழியில் தங்கியதால். அங்கே தங்கியவர்களை மாந்தை குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை, அவர்களால் அது செழித்தது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் அரபு வணிகர் கொண்டுவந்தது என்றே சொல்லப்படுகிறது.

கடந்த நூற்றாண்டிலும் அப்படித்தான். 1914 பெப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே ரிக்கெற்றில் ரயிலேறி, கப்பலில் கடல் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போக முடிந்தது. போட் மெயில் என்று இரண்டு கரையும் அதைத்தான் அழைத்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது; 1980களின் நடுவில் அதுவும் நின்றது. ரயில்பாதையும் போரில் போய், இந்திய நிறுவனமான இர்கொன் மறுபடி அமைத்து, 2015 மார்ச் 14இல் தலைமன்னார்ச் சேவை மீண்டது. எல்லாத் தரிப்பும் இனிமையானவை என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாதைக்கு முன், தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தன. வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனாலும் வழி என்பது இந்தக் கரைக்குப் புதிய சொல் இல்லை. பறவைகளைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்: மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வான்பாதையில் மன்னார் கடைசித் தரிப்புகளில் ஒன்று, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகள் ஆண்டுதோறும் வந்து போகின்றன. அவற்றுக்கு யாரும் ஏரோபிளான் அட்டை கொடுக்கவில்லை.

இனி, மிகவும் வலுவான ஆட்சேபம்: தூரம். கட்டுநாயக்காவிலிருந்து மன்னாருக்கு முந்நூறு கிலோமீற்றர் வரை வரும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் ஐந்து நாளில் மூன்றுதானே மிச்சம்? இதை மறுக்க முடியாது, குறைக்க முடியும். விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மன்னாருக்குப் போகிறவர் கொழும்பு நகருக்குள் நுழையவே தேவையில்லை. சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக ஏறினால் விடியப் புறப்பட்டவர் மதியச் சாப்பாட்டுக்கு மன்னாரில் இருக்கலாம். ரயிலில் வர விரும்புகிறவர் கொழும்பு கோட்டையில் ஏறி மடு றோட்டிலோ மன்னாரிலோ தலைமன்னாரிலோ இறங்கலாம், ஆனால் புயலோ திருத்த வேலையோ வந்தால் பாதை மூடிக் கிடக்கும், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏ-32 வழியாகப் பலாலியைப் பயன்படுத்தினால் போன வழியே திரும்பும் அலைச்சலும் இல்லை: பலாலியில் இறங்கி, மன்னாரில் தங்கி, கட்டுநாயக்காவில் புறப்படலாம். இத்தனைக்குப் பிறகும் முழுதாக மூன்று நாள்தான் மிஞ்சும் என்றால், மூன்று நாள் என்பது சென்னையின் தியாகராயநகர் நெரிசலில் நீங்கள் வழக்கமாகத் தொலைக்கும் நாட்களைவிட அதிகமில்லை. ஏரோபிளான் 45 நாள் தருகிறது. ஐந்து என்பது எங்கள் குறைந்தபட்ச வேண்டுகோள் மட்டுமே.

இன்னொரு ஆட்சேபம் ஊரிலிருந்தே வரும். புள்ளி சேர்ப்பது வசதி உள்ளவர் வேலை. அவர்கள் வந்து போவதால் பேசாலை மீனவருக்கோ முருங்கன் கமக்காரருக்கோ என்ன கிடைக்கும்? பெரிய விடுதிகளில் தங்கினால் அதிகம் கிடைக்காது என்பது சரி. ஆனால் நீங்கள் சுற்றுலாப் பயணிகள் போல வரப் போவதில்லை. ஓட்டோ பிடிப்பீர்கள், சந்தையில் மீன் வாங்குவீர்கள், கருவாடும் ஒடியலும் பனாட்டும் சுமந்து போவீர்கள், பழைய வீட்டின் கூரைக்கு ஓடு மாற்றுவீர்கள். அந்தக் காசு அதிகமில்லை, ஆனால் அது இந்தக் கைகளுக்கே வரும். எனினும் காசைக் காட்டி இந்த வாதத்தை வெல்ல விரும்பவில்லை. காசு அனுப்ப நீங்கள் வரவே தேவையில்லை. இத்தனை ஆண்டும் வராமலே அனுப்பியிருக்கிறீர்கள். வந்தால் மட்டும் கிடைக்கிற ஒன்று உண்டு, அது கண்ணால் கண்டு பேசும் தகுதி. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்கள் 2020 டிசம்பரில் சுழலத் தொடங்கின. அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் போடவிருந்த திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு புதிய காற்றாலைகளுக்கும் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மின்சாரமும் வேண்டும், நிலத்தடி நீரும் மீன்பாடும் பறவையும் வேண்டும் என்ற இந்தச் சிக்கலில் வெளிநாட்டிலிருந்து உரத்துப் பேசுகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மழைக்காலத்தில் தாழ்ந்த குடியிருப்புகளில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்? தீவு என்பது ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு மணல் திட்டு. அதை ஒரே நாளில் முனைக்கு முனை பார்த்துவிடலாம்.

வர முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், அவர்களைக் குற்றவாளியாக்க இந்த மடலை யாரும் பயன்படுத்தக் கூடாது. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்றிருப்பவர், குடியுரிமை கிடைக்குமுன் சொந்த நாட்டுக்குப் போய் வந்தால், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அகதி நிலையோடு வதிவுரிமையையும் இழக்க நேரலாம். ஐரோப்பிய நாடுகளிலும் அகதிகள் சொந்த நாட்டுக்குப் போவதை அதிகாரிகள் கேள்வி கேட்கிறார்கள். இந்த நிலையில் உள்ளவர்கள் முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேட்க வேண்டும், புள்ளி எல்லாம் பிறகு. மற்றவர்களுக்கு இலங்கை விசா பெரிய சிக்கலில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இணையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுத்தால் முப்பது நாள் கிடைக்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அதுவும் வேண்டாம். இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கக் கூடாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போன எருக்கலம்பிட்டி, முசலி முஸ்லிம் உறவுகளின் பிள்ளைகளும் இன்று லண்டனில் இருக்கிறார்கள். கட்டுநாயக்காவிலிருந்து மன்னாருக்கு வரும் வழியில்தான் புத்தளம். அங்கே உறவினரைப் பார்த்துவிட்டு எருக்கலம்பிட்டிக்கு வரும் அந்தக் குடும்பத்துக்கு இடைத்தரிப்பு எங்கள் எல்லோரையும்விடப் பொருந்தும்.

காலம் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. கத்தோலிக்க உறவுகளுக்கு மடு அன்னையின் பெருவிழா ஓகஸ்ட் 15. வேளாங்கண்ணியில் கொடியேற்றம் ஓகஸ்ட் 29, திருநாள் செப்டெம்பர் 8. நடுவில் இரண்டு வாரம். மடு முடித்து, ஊரில் நின்று, நேரே வேளாங்கண்ணிக்குப் போக அதைவிடப் பொருத்தமான இடைவெளியை எந்தப் பயண முகவரும் அமைத்துத் தர முடியாது. சைவ உறவுகள் மாசியில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் வந்து பாலாவியில் நீராடி, அடுத்துக் கடலுக்கு அப்பால் இராமேஸ்வரம் போகலாம். அப்போது வெயிலும் கடுமையில்லை, வங்காலையில் பறவைகளும் இருக்கும். ஓகஸ்ட்டில் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் சேர்வதால் புள்ளி இருக்கைகள் அரிதாகும். பல விமான நிறுவனங்கள் ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு முன்பே அவற்றைத் திறந்துவிடுகின்றன. ஆகவே அடுத்த ஆண்டு மடுவுக்கு வர நினைப்பவர் இந்த ஆண்டு செப்டெம்பரில், ஒக்டோபரில் தேடத் தொடங்க வேண்டும். நீண்ட பறப்பை முதலில் பிடியுங்கள், அதுதான் கிடைப்பது அருமை. கொழும்பு–சென்னைக் குறுந்துண்டு பிறகும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதைக் காசுக்கு வாங்கினாலும் பெரிதாகக் கை கடிக்காது. குடும்பத்தில் நான்கு பேருக்கும் ஒரே நாளில் இருக்கை அமையாவிட்டால் இரண்டு பேர் வாருங்கள், மற்ற இருவர் நேரே சென்னையில் வந்து சேரட்டும்.

அன்புடன்,
மன்னாரிலிருந்து